வால் செபம்

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் சாயங்காலம் ஏழு மணி ஆனால் வீட்டுக்கு வீடு செபமாலைச் சத்தம் கேட்கும். ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்லி முடிக்க மற்ற வீடுகளில் இருபது நிமிஷம். எங்கள் வீட்டில் முக்கால் மணி நேரம். நாங்கள் ஒன்றும் மெதுவாகச் சொல்கிறவர்கள் இல்லை. செபமாலை முடிந்து, மாதா பிரார்த்தனை முடிந்து, கிருபை தயாபத்து மந்திரமும் சொல்லியான பிறகு, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தட்டை எடுத்து வைத்துச் சோற்றுக்கு உட்காரும் நேரத்தில்தான் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பாள். “கடல்மேல கிடக்கிற எல்லாருக்காகவும் ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை மந்திரம்.”

அது முடிந்தால் நோயாளிகள். பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள். பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள். அவர்களிலும் வேண்டிக்கொள்ள ஆளில்லாத ஆத்துமாக்களுக்குத் தனியாக ஒன்று. இதெல்லாம் பொது. அதற்குப் பிறகு ஆள் ஆளாக வரும். முழங்கால் வலியில் நாங்கள் நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, இன்னும் யார் பாக்கி என்று கண்ணாலேயே கேட்டுக்கொள்வோம். அந்த நீட்டத்துக்கு அக்கா வைத்த பெயர் ‘வால்’. அம்மாவுக்கும் அது தெரியும். “வாலச் சொல்லாம எந்திரிச்சா சோறு கிடையாது” என்று அவளே சொல்லுவாள்.

வீட்டுச் சங்கதிகளைப் பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. வால்தான் எங்களுக்கு மாலைச் செய்தித்தாள். பெரிய அத்தை ஆஸ்பத்திரியில் இருப்பது, மேலத்தெருப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனது, அப்பாவுக்கும் அவர் அண்ணனுக்கும் வீட்டு மனையில் தகராறு வந்தது எல்லாம் அங்கேதான் எங்கள் காதில் விழும். அம்மாவும் அதைத் தெரிந்தே செய்தாள் என்று இப்போது நினைக்கிறேன். நேருக்கு நேர் கேட்க முடியாததை மாதாவிடம் சொல்லிவிடுவாள். “மிட்டாய்க் கடையில கடன் சொல்லி வாங்கித் தின்ன ஒரு பிள்ளைக்கு நல்ல புத்தி வரணும்னு ஒரு மங்கள வார்த்தை மந்திரம்” என்றால் தம்பியின் தலை தொங்கிவிடும். அப்பாவுக்கும் விலக்கு இல்லை. “தோணிய விட்டு எறங்கினதும் நேரா வீட்டுக்கு வராம வேற எங்கயோ போயிட்டு வந்த ஒருத்தருக்காக” என்று ஒரு நாள் வந்தது. தன் மனந்திரும்புதலுக்கான மந்திரத்துக்கு அப்பாவே பதில் மந்திரம் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல சத்தமாகவே சொன்னார்.

அம்மா 1938-இல் பிறந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். அவள் வீட்டுப் பெண்களில் முதலில் எழுத்துப் படித்தவள் அவள்தான். ரோச் ஆண்டவர் கையால் உறுதிபூசுதல் வாங்கியவள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உண்டானபோது முதல் ஆயராக வந்தவர் அவர். நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர். அந்தப் பெருமையை விட்டால் அம்மாவிடம் கோவில் சம்பந்தமாக வேறு அலட்டல் கிடையாது. செபங்கள் எதையும் அவள் புத்தகம் பார்த்துச் சொன்னதில்லை. அவளுடைய அம்மாவுக்கு எழுத்தே தெரியாது; காதால் வாங்கி மனப்பாடமாகக் கொடுத்ததுதான்.

எங்கள் கரையில் இந்த வேதம் வேரூன்றியதே அப்படித்தான். 1542-இல் சவேரியார் வந்தபோது கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழ் தெரிந்தவர்களை வைத்து மந்திரங்களை மொழிபெயர்த்து, தானும் மனப்பாடம் பண்ணி, பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். நோயாளிகள் வீட்டுக்குத் தான் போக முடியாதபோது பிள்ளைகளைச் செபம் சொல்ல அனுப்பியதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சாகிவிட்டது. அந்த அச்செழுத்து எங்கள் வீட்டுப் பெண்கள் கைக்கு வந்துசேர முன்னூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதுவரைக்கும் அடுப்படியிலும் தொட்டில் பக்கத்திலும் வாய்வழியாகவே வேதம் நடந்திருக்கிறது. பூசை வைக்க ஒரு சாமியார் வேண்டும். வேண்டிக்கொள்ள யாரும் வேண்டாம். அம்மாவின் நடவடிக்கை முழுவதிலும் அந்தத் தைரியம் இருந்தது.

அப்பா தோணியில் தண்டல். வெங்காயமும் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார்கள். போன ஆள் எப்போது திரும்புவான் என்பது காற்றைப் பொறுத்தது. கச்சான் காற்று ஓங்கியிருக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். ஆகஸ்டு 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்கு அப்பா வீட்டில் இருப்பார். ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். மற்ற மாதங்களில் அப்பா வாலில் முதல் ஆளாக இருப்பார்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் அதில் இருந்தவர்களோடு போனது. அப்பாவின் தோணி கொழும்பிலிருந்து கிறிஸ்மஸுக்கு வந்துவிட வேண்டும் என்று கணக்கு. எனக்கு ஐந்து வயது. அந்த நாட்களில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: “கடல்மேல கிடக்கிற” என்று தொடங்கிவிட்டு அம்மா அடுத்த வார்த்தைக்கு வர நேரமெடுத்துக்கொண்டாள். அக்கா எடுத்துக் கொடுத்தாள். கிறிஸ்மஸ் அன்றைக்கு எங்களுக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டு, ராத்திரிப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து பழைய சோறு போட்டாள்.

கிறிஸ்மஸ் கழிந்த பிறகு அப்பா வந்தார். கொழும்பில் சரக்கு ஏற்றத் தாமதமானதால் தோணி துறைமுகத்தை விட்டே கிளம்பவில்லை, அவ்வளவுதான் நடந்தது. தெருவே வீட்டுக்கு வந்துவிட்டது. “ஒஞ் செபமாலதாம் புள்ள காப்பாத்திச்சு” என்று ஒரு பெரியம்மா அம்மாவின் கன்னத்தைத் தொட்டுச் சொன்னாள். அம்மாவின் முகம் மாறிவிட்டது. “அங்க செத்தவங்க வீட்ல எல்லாம் செபமால இல்லையாக்கும்? கோவில் இல்லையாக்கும்? அப்படிச் சொல்லாதீங்க பெரியம்மா, பாவம்” என்றாள். அன்றைக்கு வாலில் தனுஷ்கோடி சேர்ந்தது. கடைசிவரை அதை எடுக்கவே இல்லை.

நான் பெரியவனாகி எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். கேட்டால் கிடைக்கும் என்று ஒரு சாராரும், கிடைக்காவிட்டால் அதுவும் தேவ சித்தம் என்று ஒரு சாராரும் சொல்கிறார்கள். அம்மா இரண்டையும் சொல்லவில்லை. அப்பா வந்ததற்கு நன்றி சொன்னாள். வராமல் போனவர்களுக்காக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விளக்கம் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதெல்லாம் பூசை இலத்தீனில்தான். சாமியார் பீடத்தைப் பார்த்துக்கொண்டு, சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூசை வைப்பார். பெண்கள் முக்காட்டுக்குள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் தலையைக் குனிவார்கள்; மறுபடியும் விட்ட மணியிலிருந்து தொடர்வார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சாமியார் சனங்கள் பக்கம் திரும்பினார், பூசை தமிழுக்கு வந்தது. அம்மாவின் கை மட்டும் செபமாலையை விடவில்லை. பூசை நேரத்தில் இனிமேல் செபமாலை சொல்லக் கூடாது, என்னோடு சேர்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று புதிதாக வந்த இளம் சாமியார் ஒருவர் அவளைப் பார்த்தே சொல்லிவிட்டார். “நீங்க சொல்றத நான் கேக்கேன் சாமி. நான் சொல்றத மாதா கேக்கா” என்றாள் அம்மா. அவர் சிரித்துவிட்டார், ஆனால் விடவில்லை. கொஞ்ச நாளில் செபமாலை மடியில் இறங்கியது.

இறங்கியதற்குக் காரணம் சாமியார் மட்டும் இல்லை. தமிழில் சுவிசேஷம் வாசிக்கக் கேட்டதும் அம்மாவுக்கு ருசி தட்டிவிட்டது. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரைக்கு வந்த பகுதியைக் கேட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓடிவந்தவள் அப்பாவிடம் சொன்னாள்: “ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் படலையாம். விடியக்காலம் இவரு கரையில நின்னு வலப்பக்கம் போடுங்கன்னு சொல்லுதாரு. நூத்தம்பத்துமூணு மீனாம், எல்லாம் பெரிய மீனாம். எண்ணிருக்கான் பாருங்க! கரைக்கு வந்து பாத்தா ஆண்டவரே தீ மூட்டி மீன் சுட்டு வச்சிருந்தாராம்.” அப்பாவும் கரைக்காரர்தான். “பின்ன, மீன எண்ணாம பங்கு வைக்க முடியுமா?” என்றார். முழுச் செபமாலை நூற்றைம்பத்துமூன்று மணி. அந்த மீன்களும் நூற்றைம்பத்துமூன்று. இது தற்செயல் இல்லை என்பது அம்மாவின் கட்சி. 2002-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தைப் புதிதாகச் சேர்த்தபோது முழுக் கணக்கு இருநூற்றுமூன்று ஆகிவிட்டது. பாப்பரசரை அம்மா எதிர்க்கவில்லை. அறுபத்துநாலு வயதில் புது இரகசியங்களை மனப்பாடம் பண்ணினாள். வியாழக்கிழமைகளில் அவற்றையும் சொல்லி, பழைய வழக்கப்படி சந்தோஷ இரகசியங்களையும் சொல்லி முடிப்பாள். “மீன் கணக்கு மீன் கணக்காவே இருக்கட்டும்” என்றாள்.

அந்தச் செபமாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரமணி. கம்பி அறுந்து அறுந்து போவதால் அப்பா ஒரு தடவை கம்பியை எல்லாம் கழற்றிவிட்டு, வலைக்குப் போடும் தங்கூசி நரம்பில் கோத்துக் கொடுத்தார். பத்து மணிக்கு ஒரு முடிச்சு, வலைக்காரன் முடிச்சு. தொலைந்துபோன இரண்டு மணிக்குப் பதில் எங்கிருந்தோ இரண்டு கண்ணாடிப் பாசிகளைப் போட்டிருந்தார். இருட்டில் விரல் அந்தப் பாசியில் பட்டால் எத்தனையாவது மணி என்று தெரிந்துவிடும் என்பாள். அம்மாவின் கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்தில் தோல் வழவழவென்று தேய்ந்துபோயிருக்கும். நாங்கள் சின்ன வயதில் அதைத் தடவிப் பார்ப்போம்.

விபூதிப் புதனிலும் தபசு கால வெள்ளிக்கிழமைகளிலும் கறி விலக்க வேண்டும் என்பது கோவில் சட்டம். மீன் சாப்பிடத் தடை இல்லை. எங்கள் வீட்டில் விபூதிப் புதன் முதல் பாஸ்கு வரை அம்மா மீனும் தொடமாட்டாள். “கறிய விடுறது நமக்கு என்ன தவசு? மாசத்துக்கு ஒருக்கத் திங்கிறதத்தான் விடுறோம். மீன விட்டாத்தான தெரியும்” என்பாள். எங்களை வற்புறுத்தியதில்லை. குழம்பு வைத்து எங்களுக்கு ஊற்றிவிட்டு, அவள் மட்டும் பருப்பும் துவையலும். வாசனை எங்கேயும் போகாத வீடு அது. எங்களுக்கே ஒரு வாரத்துக்குமேல் அந்த மீன் இறங்காது.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அதில் விழும். பிடியரிசி எங்கள் பங்குகளில் பல வீடுகளில் இருந்த பழக்கம்தான். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய், ஆண் துணை இல்லாத ஏதாவது ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு மழைக்காலத்தில் அப்பாவின் சம்பளம் வராமல் அரிசி தீர்ந்துவிட்டது. பானையில் முக்கால் படி கிடந்தது. அதைப் போட்டுப் பொங்கலாமே என்று அப்பா சொன்னார். “அது நம்ம அரிசி இல்ல” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டில் கைமாற்றாக அரிசி வாங்கிவந்தாள். தன்னிடம் இருக்கிற அரிசியை விட்டுவிட்டுக் கடன் வாங்குவதா என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். கடன் வாங்கிய அரிசியிலும் ஒரு பிடி பானைக்குப் போனது என்பதை அக்கா பார்த்திருக்கிறாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

மரியாயின் சேனையில் அம்மா பல வருஷம் இருந்தாள். 1921-இல் டப்ளினில் தொடங்கிய சபை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. வாரம் ஒரு கூட்டம். தனியாகப் போகக் கூடாது, இருவர் இருவராகப் போய்ச் சந்திக்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் அறிக்கை சொல்ல வேண்டும். ஒரு தடவை துணைக்கு ஆள் வராததால் என்னைக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் ஒரு கிழவி. பார்க்க யாரும் வருவதில்லை என்று தெரிந்தது. அம்மா செபம் எதுவும் ஆரம்பிக்கவில்லை. பையிலிருந்து சீப்பை எடுத்து, சிக்குப் பிடித்துச் சடைசடையாகக் கிடந்த முடியை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். இழுத்தால் வலிக்கும் என்று ஒரு கையால் மயிர்க்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு எண்ணெய் வைத்துப் பின்னி, கால் நகம் வெட்டிவிட்டாள். கெட்டித்துப்போன நகம், தண்ணீரில் ஊறவைத்து வெட்ட வேண்டியிருந்தது. கிழவி அம்மாவிடம் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஆளுக என்று விசாரித்தாளே தவிர வேறொன்றும் பேசவில்லை. எழுந்து வரும்போது அம்மா அவள் பெயரைக் கேட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி அந்தப் பெயர் வாலில் வந்தது. அந்த வாரக் கூட்டத்தில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். “நோயாளி ஒருத்தியப் பாத்து ஆறுதல் சொன்னேன்னு சொன்னேன். நகம் வெட்டுனேன்னு அறிக்கையில எப்படிச் சொல்றது, சிரிப்பாங்க” என்றாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அம்மாவைச் சாந்த சொரூபி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். செபத்தில் தூங்கி விழுந்தால் முதுகில் அடி விழும். பெரிய வெள்ளிக்கிழமை ரேடியோவில் சினிமாப் பாட்டு கேட்டதற்காக மூன்று வீடு தள்ளிப் போய்ச் சண்டை போட்டவள். அவளுடைய கடைசித் தம்பி, எங்கள் சின்ன மாமா, பெந்தேகோஸ்து சபையில் சேர்ந்தார். சேர்ந்த வேகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து மாதா சுரூபத்தைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டார். சிறு வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அன்றோடு அம்மா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா இறந்தபோது மாமா வந்து ஓரமாக நின்றார், அப்போதும் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். பங்குச் சாமியாரும் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. ஆனால் வாலில் மாமா தினமும் உண்டு. “வழி மாறிப்போன என் தம்பிக்காக” என்று சொல்லும்போது குரலில் கோபம் அப்படியே இருக்கும். பேசாத ஆளுக்கு எதற்கு வேண்டுகிறாய் என்று என் தங்கை கேட்டாள். “அது வேற, இது வேற” என்றாள் அம்மா.

எனக்கு வங்கி வேலை. மதுரை, சென்னை என்று மாறிக்கொண்டே இருந்தேன். என் பிள்ளைகளுக்கு ஆச்சி வீடு என்றால் மே மாத லீவும் ஆகஸ்டுத் திருவிழாவும். நான் வாங்கிய அடி எதுவும் அவர்களுக்கு விழவில்லை. பேரப்பிள்ளைகள் மடியிலேயே தூங்கலாம், வாலில் எழுப்பிவிடுவாள். ஆளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும் என்பது மட்டும் சட்டம். என் மகன் ஒரு தடவை செத்துப்போன தன் தங்கமீனைச் சொன்னான். மிருகங்களுக்கு ஆத்துமா உண்டா என்றெல்லாம் அம்மா போகவில்லை. “மீனுக்காக நாம எப்பவும் வேண்டுறதுதான்” என்று ஏற்றுக்கொண்டாள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. மன்னார் வளைகுடாவை இலங்கை மறைத்து நின்றதால் எங்கள் ஊரில் கடல் அவ்வளவு ஏறவில்லை. வேளாங்கண்ணியில் கிறிஸ்மஸ் கூட்டமாக வந்திருந்தவர்கள் எத்தனையோ பேர் போனார்கள். அந்தச் செய்தி அம்மாவை உலுக்கிவிட்டது. மாதாவைப் பார்க்க வந்த இடத்தில் இப்படியா என்று ஒரு வார்த்தை கேட்பாளா என்று பார்த்தேன், கேட்கவில்லை. “பேர் தெரியாதவங்களுக்கு எப்படி வேண்டுறது?” என்பதுதான் அவளுடைய கவலையாக இருந்தது. கடைசியில் அதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள்: வேளாங்கண்ணிக்காக ஒரு மந்திரம் சொல்லிவிட்டு, ஒரு மந்திரம் சொல்லும் நேரம் சும்மா இருப்பாள்.

என் மகள் 2015-இல் கூட வேலை பார்த்த இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோவிலில் வைத்தே செய்யலாமே என்று அம்மா ஒருமுறை கேட்டாள். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. மாதக்கணக்கில் பேத்தியோடு போனிலும் பேசவில்லை. மாமாவுக்கு நடந்ததுதான் இவளுக்கும் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு இருவரையும் துணிந்து கூட்டிக்கொண்டு போனேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை குனிந்து கும்பிட்டார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் வார்த்தை: “ஒங்க அம்மா எப்படி இருக்காவ? சுகர் கொறஞ்சிருக்கா? காலுல அந்தப் புண்ணு ஆறிட்டா?” மாப்பிள்ளை திகைத்துப்போனார். தன் அம்மா காலில் புண் என்று தான் யாரிடமும் சொல்லவில்லையே என்றார். மகள் என் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள், அக்கா அம்மாவிடம். கல்யாணமான வாரத்திலிருந்தே சம்பந்தியம்மாள் வாலில் இருந்திருக்கிறார். பேத்தியோடு பேச மனம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, முகம் பார்த்திராத அந்த அம்மாளின் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி ராத்திரி ராத்திரி மாதாவை நச்சரித்திருக்கிறாள்.

2020 மார்ச்சில் கோவில்களை அடைத்தார்கள். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. மாதா தொலைக்காட்சியில் பூசை பார்க்க அக்கா ஏற்பாடு செய்தாள். அம்மா குளித்து, கோவில் சேலை கட்டி, முக்காடு போட்டு உட்காருவாள். சுவிசேஷம் வாசிக்கும்போது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். சட்டை போடாமல் சோபாவில் சாய்ந்துகிடந்த பேரனை “சட்டையப் போட்டுட்டு எந்திரில, பூச நடக்கு” என்று விரட்டினாள். அந்த இரண்டு வருஷத்தில் வால் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. தெருவில், பங்கில், சொந்தத்தில் என்று தினமும் யாராவது சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அக்காவுக்கும் முழங்கால் போய்விட்ட வயது. கொஞ்சம் பெயரைக் குறைத்தால் என்ன என்று கேட்டுவிட்டாள். “யார எடுக்க? நீயே சொல்லு, எடுத்துடுதேன்” என்றாள் அம்மா. அக்காவுக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

நல்ல மரணம் வேண்டும் என்று சூசையப்பரைப் புதன்கிழமைதோறும் கேட்டுவந்தவள். 2022 ஜனவரியில், நோயில் பூசுதல் வாங்கி, பிள்ளைகள் நாலு பேரும் வந்துசேர்ந்த பிறகு, வீட்டிலேயே போனாள். என்ன சேலை, எந்த உத்தரியம் என்பதெல்லாம் முன்கூட்டியே அக்காவிடம் சொல்லி வைத்திருந்தாள். தங்கூசிச் செபமாலையைப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றான் தம்பி. ஞாபகத்துக்கு வேண்டும் என்றாள் தங்கை. அதற்கும் உத்தரவு இருந்தது. “என் கையில பிளாஸ்டிக் மாலயச் சுத்துங்க. இது நல்ல மால, யாருக்காவது ஒதவும்” என்றிருந்தாள்.

சின்ன மாமா வந்திருந்தார். இறந்தவர்களுக்காக வேண்டுவதை அவருடைய சபை ஏற்பதில்லை. உள்ளே செபமாலை நடந்தபோது வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மாப்ள, அக்கா அந்த வால்ல என்னயச் சொல்லுவாளா?”

“தெனமும் சொல்லுவா மாமா.”

“எந்த எடத்துல?”

பொய் சொல்ல முடியவில்லை. “குடிகாரங்களுக்கு அடுத்து” என்றேன்.

மாமா சத்தமாகச் சிரித்துவிட்டார். துஷ்டி வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரிதான், அவளுக்கு அதுதான் நெனப்பு” என்றார். அடக்கப் பூசைக்குக் கோவிலுக்குள் வந்தார். கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

இப்போது வாலை அக்கா நடத்துகிறாள். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் குடும்பமெல்லாம் கூடுகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நேரம் ஒத்துவராததால் ஒரு பத்து மணி செபத்தோடு அக்கா நிறுத்திக்கொள்கிறாள். வால் மட்டும் முழுசாக உண்டு. கோவில் பக்கமே போகாத என் மகன் செபம் முடிகிற நேரம் பார்த்துச் சரியாக வாலுக்கு வந்துவிடுகிறான். வேலை போன நண்பன், விடுதிக் காவலாளி என்று அவன் சொல்லும் ஆட்களை எங்களில் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையும் வருகிறார். அவருக்கு மந்திரம் தெரியாது. பெயர் சொல்லிவிட்டுக் கைகூப்பிக்கொண்டிருப்பார்.

எனக்கு நம்பிக்கை அம்மாவிடமிருந்து பாதிதான் வந்திருக்கிறது. பூசைக்குப் போகாத ஞாயிறுகளும் உண்டு. கேட்பதைக் கேட்க ஆள் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் ராத்திரிகளும் உண்டு. ஆனால் யாருக்காவது ஒரு கஷ்டம் என்று காதில் விழுந்தால் பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. வரும் ஞாயிறு நான் மூன்று பேரைச் சேர்க்க வேண்டும். ஒருவர் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார். ஒரு பெண்ணுக்கு விவாகரத்து வழக்கு. மூன்றாவது ஆளோடு எனக்குப் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. இனிமேலும் பேசுவேன் என்று தோன்றவில்லை. அதற்காக அவரை விட்டுவிட முடியாது.